மாமியார் சீயோனம்மாள்

சீயோன் இல்லம்,
ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர் - 5
9 நவம்பர் 1997

செல்வி ஜெபமலருக்கு,

ரூபனின் தாயார் பெனினா சாலமோன் எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தேவகிருபையால் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் சுகமில்லை.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் போட வந்த என் மகன் உன்னைப் பார்த்ததும், பழகியதும், கல்யாணம் வரைக்கும் யோசித்துவிட்டதும் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் எனக்குத் தெரிந்தது. கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் குணத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் நீ ஆனேக்கல் பக்கத்தில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவள் என்கிறான். தாய் யார், தகப்பன் யார், எந்த ஊர் என்று கேட்டால் தெரியாது என்று கூசாமல் சொல்கிறான். நாளைக்குச் சபையில் நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வது?

என் தகப்பனார் இதே ரிச்சர்ட்ஸ் டவுனில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். காலஞ்சென்ற என் கணவர் சாலமோன் பொதுப்பணித் துறையில் கௌரவமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாயார் சீயோனம்மாளைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். இருந்தாலும் வீட்டுக்கு அவர் பெயரைத்தான் என் கணவர் வைத்தார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, வருஷம் தவறாமல், அவர் ஞாபகமாக ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி போடுகிறேன். அப்பேர்ப்பட்ட மாமியாரின் ஒரே பேரன் என் மகன். அவர் உயிரோடு இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்று நீயே யோசித்துப் பார்.

உன் ஞானஸ்நானச் சான்றிதழை ரூபன் என்னிடம் கொடுத்தான். உறையைப் பிரிக்காமலேயே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பெற்றோர் பெயர் எழுதும் இடம் வெறுமையாகத்தான் இருக்கும், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

மஸ்கட்டில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறதாம், போவதா வேண்டாமா என்று யோசிக்கிறாயாம். போவதுதான் உனக்கு நல்லது. அங்கிருந்து ரூபனுக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னை வேறு வழியில் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
திருமதி பெனினா சாலமோன்


சீயோன் இல்லம்,
ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர் - 5
21 ஏப்ரல் 1998

என் அன்பான ஜெபமலருக்கு,

கிழித்துப் போட்டுவிடாதே. என் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்கு அப்படித் தோன்றியிருக்கும், தோன்றினால் தப்பும் இல்லை. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய அந்தக் கடிதத்துக்காக என்னை மன்னித்துவிடு. ரூபனைக் கட்டிக்கொள். புறப்பட்டு வா.

உன் தோழி நிருபமாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முதல் ஆறு மாத ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், மே மாதக் கடைசிக்குள் நீ போட்டுவிடுவாய் என்றாள். போடாதே அம்மா. ரூபன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் எழுதவில்லை. நான் எழுத வேண்டாம் என்று சொன்னதற்குக் கட்டுப்பட்டிருக்கிறாய். அந்தக் கீழ்ப்படிதலை இத்தோடு விட்டுவிடு. அவன் ஆறு மாதமாக என்னிடம் உப்பு கேட்க மட்டும்தான் வாயைத் திறக்கிறான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆஸ்பத்திரியில் உனக்கு டியூட்டி இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

உன்னை மஸ்கட்டுக்கு அனுப்பிய தெம்பில் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஆலயத்துச் சுவரில் பெரிய மனிதர்களின் ஞாபகமாகப் பித்தளைப் பலகைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே என் மாமியாருக்கும் ஒன்று வைத்துவிட வேண்டும் என்று சபைக் கமிட்டிக்கு மனு கொடுத்தேன். கமிட்டியில் பிறந்த தேதி, இறந்த தேதி, ஊர் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சிக்கு எங்கே போவேன்? என் கணவர் வாயிலிருந்து அவருடைய அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். எத்தனையோ முறை நச்சரித்த பிறகு மூன்று விஷயம் சொல்லியிருந்தார். அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டவர், வீடு நெருப்பில் போய்விட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு அழுதழுது கிடந்தவர். அப்புறம் எங்கிருந்தோ பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், இருக்க இடம் பத்தாத அளவுக்கு வந்தார்கள். அவ்வளவுதான். செத்துப்போனார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உயிரோடு இருந்தால் கல்யாணத்துக்கு வந்திருப்பாரே என்று நானே முடிவு கட்டினேன். தேதி தெரியாததால் ஞாபகக் கூட்டத்துக்கு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றையும் நானே வைத்துக்கொண்டேன்.

அத்தாட்சி தேடி என் கணவரின் இரும்பு பீரோவைக் குடைந்தபோது, இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் கிடைத்தது. பிறந்த இடம் ஆனேக்கல். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. தாய், சீயோன்.

அந்தக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தேன். தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளையா என் வீட்டுக்காரர்? முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இதை மறைத்திருக்கிறாரே என்று வந்த கோபத்தில் கூடத்தில் மாட்டியிருந்த அவருடைய போட்டோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். மூன்று நாள் அப்படியே இருந்தது. நாலாம் நாள், சரி, சீயோனம்மாளின் சொந்தக்காரர் யாராவது அந்த ஊரில் இருக்கமாட்டார்களா என்று மார்க்கெட்டில் ஆனேக்கல் பஸ் ஏறிவிட்டேன்.

சான்றிதழில் இருந்த முகவரிக்குப் போய் நின்றால், அது நீ வளர்ந்த இல்லம்.

வாசல் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அலுவலகத்தில் கிளார்க் சின்னப்பா இருந்தார். உனக்குத்தான் தெரியுமே, ஒரு கேள்வி கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்லுவார். பழைய பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொன்றாம் எண், சாலமோன், 1934, தாய் சீயோன். விரலை வைத்துக்கொண்டே அடுத்ததைப் பார்த்தேன். முப்பத்திரண்டு, தாய் சீயோன். முப்பத்துமூன்றும் அப்படியே. பக்கத்தைப் புரட்டினேன், அதிலும் அதே பெயர். ஒரு பெண் எத்தனை பிள்ளைதான் பெறுவாள்? இந்த சீயோனம்மா யாருங்க என்று சின்னப்பாவைக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஏம்மா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே? சீயோன் பொம்பள இல்லீங்கம்மா, ஊரு. எருசலேம் இருக்குதுல்ல, அதான்” என்றார்.

ஜெபமலர், நான் இருபது வருஷமாகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுப்பவள். சீயோன் என்று எத்தனை பாட்டுப் பாடியிருப்பேன்! பிரியாணி போட்டு முப்பத்துமூன்று வருஷம் ஞாபகக் கூட்டம் நடத்தியது ஒரு ஊருக்கு.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் இல்லத்தைத் தொடங்கிய வேதமாணிக்கம் போதகர் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார். வாசலில் விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் தெரியாவிட்டால் கோடு போடலாம், ஆனால் தாய் இல்லாமல் ஒரு பிள்ளையும் பூமிக்கு வந்ததில்லை, அந்த இடத்தை வெறுமையாக விட என் கை வரவில்லை என்கிறார். கர்த்தர் ஜனங்களின் பெயர்களைப் பதிவு செய்யும்போது, எகிப்துக்காரன், பாபிலோன்காரன், பெலிஸ்தன் என்று அயலாரையெல்லாம் சீயோனில் பிறந்தவர்கள் என்றே எழுதிக்கொள்வதாகச் சங்கீதத்தில் இருக்கிறதாம். அவர் அப்படிப் பதிவு செய்தால் நானும் அப்படியே செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் 1975 வரைக்கும் அந்த வழக்கத்தை விடவில்லை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்று எண்பத்தெட்டாம் எண் நீ.

உன் சான்றிதழை அன்றைக்கு நான் பிரித்திருந்தால் இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். வெறுமையாகத்தான் இருக்கும் என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

இன்னொன்றும் சின்னப்பா சொன்னார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் போவார். போனது அங்கேதான். ஆண்பிள்ளைகளுக்கு முடி வெட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போவாராம், பெண்பிள்ளைகளுக்கு ரிப்பன் வாங்கிப் போவாராம். ரிப்பன் அங்கிள் என்றுதான் நீங்கள் கூப்பிடுவீர்களாமே! எனக்கு முன்னால் அவர் உன்னைப் பார்த்துவிட்டார். உன் தலையைத் தடவிக்கூட இருப்பார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். அவர் மறைத்தாரே என்று இல்லை. ஹெட்மாஸ்டர் மகளைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் பயந்துகொண்டே வாழ்ந்திருக்கிறார். உனக்கு நான் எழுதின மாதிரி ஒரு கடிதத்தை எழுதக்கூடியவள் இவள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜெபமலர், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் போட்டோவைத் திருப்பி வைத்து, துடைத்து, மாலை போட்டேன்.

அதற்கப்புறம் வேதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், என் மாமியார் யார் என்று நானே தெரிந்துகொள்ள. என் கணவர் சொன்ன மூன்று விஷயமும் அப்படியே அதில் இருக்கிறது. ஒரு பொய் கிடையாது. சீயோன் நகரம் எரிந்து போகிறது, அந்த ஊரையே ஒரு பெண்ணாக வைத்து எழுதியிருக்கிறது, அவள் விதவைபோல் உட்கார்ந்து அழுகிறாள், கண்ணீர் கன்னத்தில் வழிகிறது, தேற்ற ஆளில்லை. பிள்ளைகளைச் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் வந்த தீர்க்கதரிசி அதே பெண்ணைப் பார்த்துப் பாடு என்கிறார். மலடி என்று பேர் வாங்கினவளே, கூடாரத்தைப் பெரிதாக்கு, கயிறுகளை நீளமாக்கு என்கிறார். பிள்ளைகள் வந்து இடம் பத்தவில்லை என்று சொல்லும்போது அவள் திகைத்துப்போய், நான் தனியாகக் கிடந்தேனே, இவர்களை எனக்குப் பெற்றது யார், வளர்த்தது யார் என்று கேட்கிறாள். இடுப்பில் தூக்கிக்கொள்கிறாள், முழங்காலில் வைத்துத் தாலாட்டுகிறாள், பாலூட்டுகிறாள். நோவு வருவதற்கு முன்னாலேயே பெற்றுவிட்டாள் என்று ஓரிடத்தில் வருகிறது. எனக்கும் அப்படித்தான். ஒரு வலியும் இல்லாமல், இருபத்தாறு வயசில், நர்ஸ் படிப்பும் முடித்து, ஒரு மகள் வந்து நிற்கிறாள்.

எங்கள் போதகர் இன்னொரு கதையும் சொன்னார். நம் வேதாகமத்தில் சேராத ஒரு பழைய யூத நூலில் இருக்கிறதாம். வயல்வெளியில் ஒரு தாய் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள், கல்யாணத்தன்று மகனைப் பறிகொடுத்தவள். தேற்ற வந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மின்னலாகப் பளிச்சிடுகிறது, பூமி அதிர்கிறது, பார்த்தால் பெண்ணைக் காணோம், பெரிய அஸ்திவாரங்களோடு ஒரு நகரம் நிற்கிறது. கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெற்ற பிள்ளையை இழந்தவளே எல்லாரும் குடியிருக்கும் ஊராகிறாள் என்றால் அது என்ன மாமியார் என்று பெருமையாகவும் இருந்தது.

நேற்று முன்தினம் ஞாயிறு, ஞாபகக் கூட்டம். அறுபது பேர் வந்திருந்தார்கள். இதைச் சொல்லாமல் பிரியாணியைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டேயிருந்தது. என் அக்கா சலோமி முன்வரிசையில் வேறு உட்கார்ந்திருந்தாள். உன்னைக் குலம் கோத்திரம் இல்லாத பெண் என்று முதலில் சொன்னவள் அவள்தான், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து நின்றேன். என் மாமியார் சாகவில்லை, முப்பத்துமூன்று வருஷமாக உயிரோடு இருப்பவருக்கு ஞாபகக் கூட்டம் நடத்திவிட்டேன், எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, பீரோவிலிருந்து பதிவேடு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். என் கணவர் வாசலில் விடப்பட்ட பிள்ளை என்று சொன்னேன். என் மகன் கட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணும் அந்தத் தாயின் பிள்ளைதான், அவளை நான் துரத்திவிட்டேன் என்றும் சொன்னேன்.

சலோமி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏன்டி பெனினா, அப்டின்னா அந்தப் பொண்ணு உன் புருஷனுக்குத் தங்கச்சி ஆவுதுல்ல? ரூபனுக்கு அத்தை முறைடி! அத்தையைப் போய் யாராவது கட்டுவாங்களா?” என்றாள். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டாள். இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்.

நான் விடுவேனா? மேலே இருக்கிற எருசலேம் நம் எல்லாருக்கும் தாய் என்று பவுல் கடிதம் எழுதியிருக்கிறார், அக்கா. அந்த முறைப்படி பார்த்தால் அத்தான் உனக்குக் கூடப்பிறந்த அண்ணன். முப்பத்தெட்டு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்தி நாலு பிள்ளையும் பெற்றிருக்கிறாயே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். போதகரின் மனைவிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அத்தான் எழுந்து நின்று சபையாருக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டார். சலோமி அக்கா கோபமாக இரண்டு நிமிஷம் இருந்தாள், அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு என் மகன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் பாடகர் குழு லில்லி டீச்சர் என் முழங்கையைப் பிடித்தாள். ஐம்பத்தேழாம் எண்ணைப் பார்த்தீங்களா, அது எங்க அப்பா என்றாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். உனக்கு இந்தச் சபையில் ஒரு அண்ணன் மகள் இருக்கிறாள், தெரிந்துகொள்.

பித்தளைப் பலகை மட்டும் கிடைக்கவில்லை. சபை விதிப்படி இறந்தவர்களுக்குத்தான் பலகை, உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடையாது என்று கமிட்டியில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இத்தனை சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

ரூபனும் உனக்கு எழுதியிருக்கிறான். உள்ளே தனி உறையில் இருக்கிறது. நான் பிரித்துப் படிக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவனைக் கேட்டால் சொல்லுவான். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று நீ குழம்பவேண்டாம். பதிவேட்டுப்படி அண்ணி, ரூபன் வழியில் அத்தை. உனக்கு எது வாயில் வருகிறதோ அப்படிக் கூப்பிடு, திட்டித்தான் கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் முதல் நாள் அப்படியே செய், கேட்டுக்கொள்கிறேன்.

போதகரிடம் பேசிவிட்டேன். நீ வரும் தேதியைச் சொன்னால் மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம் என்றார். பெண் வீட்டார் தரப்பில் யார் வருவார்கள், ஆலயத்தில் அந்தப் பக்கத்து முதல் பெஞ்சுக்கு யார் என்று கேட்டார். அது வழக்கமாகப் பெண்ணைப் பெற்றவள் உட்காரும் இடம். எனக்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை பக்கத்து முதல் பெஞ்சில் சலோமி அக்கா உட்காரட்டும், அவள் பெரியம்மாதானே, அவளுக்கும் அதில் பெருமைதான். பட்டுப்புடவை எடுத்து வைத்துவிட்டேன். நீ உள்ளே நுழையும்போது இடது பக்கம் பார், ஜெபமலர். அங்கே நான் உட்கார்ந்திருப்பேன்.

நீ வரும் வழியெல்லாம் கர்த்தர் உன்னைக் காப்பாராக. சீக்கிரம் வீட்டுக்கு வா, மகளே.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
பெனினா